பேச்சு நின்றுபோன இரண்டு சாட்சிகள்

உன் அப்பாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை வாங்கிக்கொண்டு போக வந்திருந்தால், சங்கரவடிவு, இப்போதே எழுந்து போய்விடு. அதற்கு ஊரில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள். இரங்கல் கூட்டத்தில் கேட்டாயே. தலைமையாசிரியர் பேசினார், வியாபாரிகள் சங்கத்தார் பேசினார்கள். உயிரோடு இருந்தவரை அவர் சைக்கிளுக்கு வழிவிடாத கவுன்சிலர்கூட, "செவல்நத்தத்தின் வரலாற்றுப் பெட்டகம்" என்று மைக்கைப் பிடித்து அழுதார். நான் வந்தேன், கடைசியில் நின்றேன், மாலை போடாமல் திரும்பிவிட்டேன். நீ பார்த்தாய். பார்த்தாய் என்று எனக்குத் தெரியும்.

அவர் எழுதிய ஊர் வரலாற்றுப் புத்தகத்துக்கு இரண்டாம் பதிப்பு என்கிறாய். வியாழக்கிழமை அச்சகத்துக்குப் போகிறது என்கிறாய். சரி. அதில் நானூற்றுப் பதினோராம் பக்கத்தில் என்ன இருக்கிறது? உனக்குத் தெரியும். எனக்கு மனப்பாடமே. "வேலைநிறுத்தத்தின் நாற்பத்தோராம் நாள் பிற்பகலில் மில்லின் சங்கு ஒலிக்கவில்லை. அதைச் செயலிழக்கச் செய்தவர் யாரென்று உறுதியாகத் தெரியவில்லை."

உறுதியாகத் தெரியவில்லை! சங்கை அடைத்தவன் அவர் வீட்டுக்கு மூன்றாவது தெருவில், கொம்பையா என்ற பெயரோடு, சொந்தப் பல்லோடு இருக்கிறேன். அவருக்கு உறுதியாகத் தெரியவில்லை. இருபத்து மூன்று வருடமாக இந்த ஒரு வரியோடு நான் படுத்து எழுந்துகொண்டிருக்கிறேன்.

தண்ணீர் குடி. நான் சத்தமாகப் பேசுகிறேன் என்று பயப்படாதே. பள்ளிக்கூடத்தில் நான் மூன்றாம் வகுப்போடு சரி. மற்றதெல்லாம் துண்டறிக்கை. மில் தொழிலாளர் சங்கத்தில் கட்டுக் கட்டாக வரும். எழுத்துக்கூட்டிப் படித்தேன், பிறகு சத்தமாகப் படித்தேன், பிறகு நானே எழுதினேன். மேடையில் பேசுகிற மாதிரியே சோற்றுக்கு முன்னாலும் பேசுகிறேன் என்று என் வீட்டுக்காரி சொல்வாள். பேசினால் என்ன? முணுமுணுக்கிறவன் எவனாவது கூலி உயர்வு வாங்கியிருக்கிறானா?

உன் அப்பாவுக்கும் ஒன்றும் பெரிய படிப்பு இல்லை. எட்டாவது. அதை இப்போது யாரும் சொல்வதில்லை. இரங்கல் கூட்ட அழைப்பிதழில் "ஆய்வறிஞர் குற்றாலிங்கம்" என்று போட்டிருந்தார்கள். ஆய்வறிஞர்! சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே தகரக் கூரை, ஒரு சாய்வு மேசை, ஒரு பத்திர எழுத்தர். அதுதான் குற்றாலிங்கம். அதைச் சொல்வதில் என்ன கேவலம்? ஊரில் எவன் நிலம் விற்றாலும் வாங்கினாலும் அந்த மேசைக்குத்தான் வர வேண்டும். மற்ற எழுத்தர்கள் பழைய பத்திரம் வந்தால் அதிலிருக்கும் நான்கெல்லையைப் பார்த்து எழுதிவிட்டுத் திருப்பிக் கொடுப்பார்கள். இவர் உட்கார்ந்து படிப்பார். கிழக்கே எண்ணெய்ச் செக்கு, மேற்கே வண்டிப்பாதை, வடக்கே பாளையத்தார் குதிரைக் கொட்டடி. இன்றைக்கு அந்த இடத்தில் செல்போன் கடை. செக்கு எப்போது போனது, யார் இடித்தது, செக்காட்டியவர்கள் எங்கே போனார்கள் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவார். முப்பது வருடம் போனார். இந்த ஊருக்கு அப்படித்தான் வரலாறு வந்தது. அதை நான் மறுக்கவில்லை. நான் கோபக்காரன், பொய்யன் இல்லை.

ஆனால் ஒரு சட்டம் வைத்திருந்தார் பார், அதுதான் என்னை அழித்தது.

"பத்திரத்துக்கு ரெண்டு சாட்சி போதும்வே கொம்பையா. ஊர்க் கதைக்கு அது பத்தாது. அந்த ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் பேச்சு இல்லாதவங்களா இருக்கணும். சேக்காளிங்க ரெண்டு பேரு சேர்ந்து சொன்னா அது கதை. பகையாளிங்க தனித்தனியா ஒண்ணையே சொன்னா, அது நடந்தது."

ஒருவன் சொன்னதை அடுத்தவனிடம் காட்ட மாட்டார். சொன்னவன் அந்தப் பக்கத்திலேயே கையெழுத்துப் போட வேண்டும். ஊரில் யார் யாரோடு பேசுவதில்லை என்று அவருக்கு அத்துப்படி. எந்தக் கல்யாணத்துக்கு எந்த வீட்டுக்குப் பத்திரிகை போகவில்லை என்பதுகூடத் தெரியும். புதிதாக இரண்டு பேர் தெருவில் கட்டிப் புரண்டால் மற்றவர்கள் விலக்கிவிட ஓடுவார்கள். உன் அப்பா நோட்டை எடுப்பார். சிரிக்காதே. நான் கண்ணால் பார்த்தவன்.

பாளையத்தார் வாரிசு ஒருவர் கார் அனுப்பிக் கூப்பிட்டார், தெரியுமா? "பெரிய குளத்தை வெட்டினது எங்க பாட்டனாருன்னு எழுதும், புத்தகத்தை நாங்களே அச்சுப்போடுதோம்" என்றார். இவர் என்ன சொன்னார்? "உங்க பங்காளி ஒருத்தரு உங்க மேல கேஸ் போட்டிருக்காரே, அவரும் அதையே சொல்லட்டும், எழுதுதேன்." பங்காளியிடம் போனால் அவன் சொன்னான், பாட்டனார் குளத்தை வெட்டவில்லை, குளத்துக் கல்லைப் பேர்த்து விற்றார் என்று. இரண்டையும் எழுதாமல் விட்டுவிட்டார். அன்றைக்கு டீக்கடையில் இதைக் கேட்டுவிட்டு நான் மேசையைத் தட்டிச் சிரித்தேன். ஆண்டைகளுக்கு அந்தச் சட்டம் நல்ல சட்டம்தான். உழைக்கிறவனுக்கும் அதே சட்டமா? அதைத்தான் கேட்கிறேன்.

அவருக்காக நான் எங்கெல்லாம் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன்! திருநெல்வேலியில் ஒரு கருத்தரங்கு. கோட்டுப் போட்ட ஒரு பேராசிரியர் மேடையில் நின்று, உன் அப்பா கண்டுபிடித்த மந்தைப் புறம்போக்குக் கணக்கை அப்படியே படிக்கிறார், தான் கண்டுபிடித்த மாதிரி. கடைசியில், "இதற்கு உதவிய உள்ளூர் ஆர்வலர் ஒருவருக்கும் நன்றி" என்கிறார். ஆர்வலர்! அந்த ஆர்வலர் கடைசி வரிசையில், மின்விசிறி இல்லாத மூலையில், என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். நான் எழுந்துவிட்டேன். "அந்த ஆர்வலருக்குப் பெயர் உண்டு! மேடையில் ஏற்று! உழைத்தவன் பெயரைச் சொல்லாமல் உண்கிறவன் எவனாயிருந்தாலும் சுரண்டல்காரனே!" என்று முழங்கினேன். கூட்டமே திரும்பிப் பார்த்தது. உன் அப்பா என் வேட்டியைப் பிடித்து இழுக்கிறார். "உக்காரும்வே, மானத்தை வாங்காதேரும்." மானமாம். அடுத்தவன் பெயரை விழுங்கினால் எனக்குப் பொறுக்காது அம்மா. அது என் பிறவிக் குணம். அப்பேர்ப்பட்ட எனக்குத்தான் அவர் இதைச் செய்தார்.

சங்கு கதைக்கு வருகிறேன். பொறு.

நாற்பது நாள் ஆகிவிட்டது. வீடுகளில் அடுப்பு எரியவில்லை. நாற்பத்தோராம் நாள் காலையில் மில் கேட்டில் நோட்டீஸ் ஒட்டினார்கள். பிற்பகல் இரண்டரை மணிச் சங்கு ஓய்வதற்குள் உள்ளே வருகிறவனுக்கு வேலை உண்டு, வராதவன் பெயர் நீக்கப்படும். அவ்வளவுதான். எழுநூறு பேர் கேட்டுக்கு வெளியே வெயிலில் நிற்கிறார்கள். எவனும் எவன் முகத்தையும் பார்க்கவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. சங்கு ஊதினால் ஒருவன் ஓடுவான். அவன் ஓடினால் எழுநூறு பேரும் ஓடுவார்கள். சங்கம் அன்றோடு செத்தது.

ஆகவே சங்கு ஊதக் கூடாது.

பருத்திக் கிடங்கின் கூரைமேல் இரும்புத் தாங்கியில் சங்கு இருந்தது. ஒன்றரை மணிக்குக் காவல்காரன் சாப்பிடப் போனான். ஒரு சாக்கை வாய்க்கால் தண்ணீரில் நனைத்து, தோளில் போட்டுக்கொண்டு, பின்சுவர் வழியாக ஏறினேன். கூரைத் தகடு தோசைக்கல்லாகக் கொதிக்கிறது. உள்ளங்கால் இரண்டும் பொத்துப்போயிற்று. சங்கின் வாய்க்குள் ஈரச் சாக்கைக் கை மூட்டுவரை விட்டு அடைத்தேன். இறங்கிவந்து கூட்டத்தில் நின்றுகொண்டேன்.

இரண்டரைக்கு மேனேஜர் விசையைப் போட்டார். உர்ர் என்று ஒரு முனகல். பிறகு புகை. அவ்வளவுதான். இரண்டே முக்கால் ஆயிற்று, மூன்று ஆயிற்று. ஒருவனும் நகரவில்லை. சங்கு ஊதாமல் எப்படி உள்ளே போவது? பதினெட்டு வருடம் சங்குக்கே நடந்து பழகின கால்கள். மூன்றேகாலுக்கு எவனோ ஒருவன் களுக்கென்று சிரித்தான். அப்புறம் எழுநூறு பேரும் சிரித்தார்கள். பட்டினி கிடந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மறுநாள் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டார்கள்.

இதைச் செய்தது நான். மில்காரன் எங்கள்மேல் போட்ட கேஸ் நடந்துகொண்டிருந்ததால் அப்போது வெளியே சொல்ல முடியவில்லை. கேஸ் முடிந்து சொல்லலாம் என்று பார்த்தால் ஊரில் ஐந்து பேர், "நான்தான் அடைத்தேன், நான்தான் அடைத்தேன்" என்று திரிகிறார்கள். அதில் இந்தக் கவுன்சிலரின் அப்பாவும் ஒருத்தர். அன்றைக்கு அவர் மில்லுக்குள் கணக்கெழுதிக்கொண்டிருந்தவர்!

உன் அப்பா நோட்டோடு வந்தார். இதே பெஞ்சில் உட்கார்ந்தார். எல்லாம் சொன்னேன். எழுதிக்கொண்டார். எழுதிவிட்டுக் கேட்கிறார்:

"பின்சுவர் பதினோரு அடி. போய் அளந்து பார்த்தேன். சிமெண்டுப் பூச்சு, பிடிமானம் கிடையாது. எப்படிவே ஏறினீரு?"

"ஆத்திரத்தில் ஏறினேன்."

"ஆத்திரம் எத்தனை அடி உசரம்?"

பார்த்தாயா பேச்சை? அதோடு விட்டாரா? "நீருதான் ஏறினீருன்னு ஒருத்தரு எங்கிட்ட சொல்லி ஒப்பம் போட்டிருக்காரு. அவருக்கும் உமக்கும் பேச்சு கிடையாது. அந்தாளு அன்னைக்குச் சுவருக்குப் பக்கத்துல நின்னாருன்னு நீரு சொல்லும், ரெண்டும் சேந்துரும், எழுதிருதேன்."

எனக்குப் புரியாதா, அந்த ஒருத்தர் யார் என்று? சூசைமாணிக்கம்.

அவனை உனக்கு வயதான சூசைத் தாத்தாவாகத்தான் தெரியும். கோயில் பக்கம் சைக்கிள் கடைக்காரரின் மாமனார். எனக்கு அவன் யார் தெரியுமா? ஒரே நூற்புக் கதிர் வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் நின்று ஆறு வருடம் நூல் ஓட்டியவன். ஒரே பீடியை ஆளுக்குப் பாதி இழுத்தவன். வேலைநிறுத்தம் முடிந்து எட்டாம் மாதம் முதலாளி மேஸ்திரி வேலை கொடுத்தான், ஏற்றுக்கொண்டான். மேஸ்திரி! நம்மை விரட்டுகிற வேலை! கேட்டால், மகளுக்குக் கால் சூம்பிவிட்டது, வேலூருக்குக் கொண்டுபோக வேண்டும் என்றான். எனக்கும்தான் பிள்ளைகள் இருந்தார்கள். "துரோகி சூசைமாணிக்கத்தை அடையாளம் காண்பீர்!" என்று துண்டறிக்கை போட்டு, அவன் வீட்டுக் கதவிலேயே பசை தடவி ஒட்டினேன். அன்றைக்கு அந்தப் பிள்ளைக்குப் புதுநன்மை, முதல்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். வெள்ளைக் கவுன் போட்டுக்கொண்டு, கோயிலுக்குப் போகிறதற்குக் கதவைத் திறந்துவிட்டு நிற்கிறது. எனக்கு எப்படித் தெரியும்? தெரிந்திருந்தாலும் ஒட்டியிருப்பேன். கொள்கைக்கு நல்ல நாள் கெட்ட நாள் கிடையாது.

அன்றிலிருந்து பேச்சு இல்லை. நாற்பத்தைந்து வருடம்.

அப்படிப்பட்டவன் அங்கே நின்றான் என்று நான் சொல்ல வேண்டுமாம். அவன் பெயரும் என் பெயரும் ஒரே வரியில் வர வேண்டுமாம். நான் உன் அப்பாவிடம் சொன்னேன், "எழுதிக்கொள்ளும். சூசைமாணிக்கம் அன்றைக்கு ஊரிலேயே இல்லை. நான் தனியாக ஏறினேன்." உன் அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்படின்னா பாத்தவன் ஒருத்தனும் இல்ல. செஞ்சவன் மட்டும் சொன்னா சாட்சி ஆவாதுவே" என்றார். நோட்டை மூடிவிட்டார்.

அடுத்த வருடம் வந்தார். அதையே கேட்டார். அதற்கடுத்த வருடமும் வந்தார். "கொம்பையா, சூசை அங்க இருந்தாரா?" "இல்லை." புத்தகம் அச்சுக்குப் போகிற வாரத்திலும் வந்தார், காய்ச்சலோடு. வாசலிலேயே நின்று கேட்டார். நான் கதவைச் சாத்தினேன்.

புத்தகம் வந்தது. உறுதியாகத் தெரியவில்லை!

வெளியீட்டு விழாவன்று மண்டப வாசலில் ஆயிரம் துண்டறிக்கை கொடுத்தேன். "பத்திரக்காரரின் வரலாற்றுத் துரோகம்." உன் அப்பா மேடைக்குப் போகிற வழியில் நின்று, கை நீட்டி ஒன்று வாங்கினார். அங்கேயே முழுவதும் படித்தார். படித்துவிட்டு, "தேதி போடாம விட்டுட்டீரே. பின்னால பாக்கிறவனுக்கு எப்பம் வந்ததுன்னு எப்படித் தெரியும்?" என்று சொல்லி, தன் பேனாவாலேயே தேதியைப் போட்டு, மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். திட்டினால் திட்ட வேண்டும், அம்மா. சண்டைக்கு வந்தால் சண்டை போட வேண்டும். இப்படி ஒரு ஆளிடம் எப்படிக் கோபப்படுவது? அதற்குப் பிறகு அவரோடும் பேச்சை நிறுத்திவிட்டேன். சாகும்வரை பேசவில்லை.

சரி, நீ வந்த விஷயத்துக்கு வா. என்ன, நகராட்சி கல்வெட்டு வைக்கப் போகிறதா? மில் இருந்த இடத்திலா? புத்தகத்தில் என்ன இருக்கிறதோ அதைத்தான் வெட்டுவார்களா? உறுதியாகத் தெரியவில்லை என்று இருந்தால்? ஓகோ. கவுன்சிலர் தன் அப்பா பெயரைப் போடச் சொல்லி மனு கொடுத்திருக்கிறாரா! கணக்கெழுதின கையா சங்கை அடைத்தது? வெட்டட்டும், வெட்டட்டும். கல்லோடு பெயர்த்து எடுக்கிறேன்.

என்னைப் பார்க்காதே அப்படி. நான் மாற்றிச் சொல்ல மாட்டேன். தனியாகத்தான் ஏறினேன். நீயும் உன் அப்பாவைப் போலவே கேட்கிறாய், பதினோரு அடி, பதினோரு அடி என்று. என்ன, பதினோரு அடியை ஒருவன் தனியாகத் தாண்டினால் அவன் மனுஷன் இல்லை, பல்லி என்று ஊர் சிரிக்குமா? கவுன்சிலர் கேட்பாரா, கொம்பையா பறந்துபோனாரா என்று? எவன் சிரிப்பது? எந்த நாய் சிரிப்பது? பறக்கவில்லை! தோளில் ஏறித்தான் போனேன்! ஒரு மனுஷன் தோளில் நின்றால் பதினோரு அடிச் சுவரின் விளிம்பு கைக்கு எட்டும். எட்டியது!

அவனை வீரன் என்றா எழுதப் போகிறாய்? அவன் எப்படி நின்றான் தெரியுமா உனக்கு? "மாதாவே, மாதாவே" என்று முனகிக்கொண்டு நின்றான்! வெடவெடவென்று நடுங்கினான்! என் கால் விரலுக்கெல்லாம் அந்த நடுக்கம் தெரிந்தது. "நேராய் நில்லுல, சூசை" என்று நான் அதட்டுகிறேன். நான் ஏறிப் போய் அடைத்துவிட்டுத் திரும்பி வருகிறவரை அந்தச் சுவரடியிலேயே நிற்கிறான். காவல்காரன் வந்தால் முதலில் அவனைத்தான் பிடிப்பான். ஓடியிருக்கலாம். ஓடவில்லை. ஓடக்கூடத் தைரியம் இல்லாதவன் அம்மா அவன்! நான் இறங்கும்போது திரும்பவும் தோளைக் கொடுத்தான். கால் கொப்பளித்து நடக்க முடியாமல் நின்ற என்னை, தன் செருப்பைக் கழற்றிப் போட்டு, அவன் வெறுங்காலோடு...

என்ன எழுதுகிறாய்?

நிறுத்து. என்ன எழுதினாய்? படி.

"சுவரடியில் நின்றவர் சூசைமாணிக்கம். அவர் தோளில் நின்று ஏறினேன்."

அந்த வரியை அடித்துவிடு. நான் சொன்னது அவன் கோழை என்பதற்காக. சாட்சிக்காக இல்லை. அடி.

என்ன? அதை அடித்தால் என் பெயரும் போய்விடுமா? தெரியும், தெரியும், உன் அப்பா சட்டம். உனக்கு ஒரு பைசா குறையாமல் வந்திருக்கிறது. அந்தப் பழைய நோட்டை எதற்கு எடுக்கிறாய்? இனி காட்டலாமா? ஓ, நான் சொல்லிவிட்டேன், அதனால் இனி காட்டலாம். படி. படிக்காதே. சரி, படி.

"ஏறியவர் கொம்பையா. நான் தோள் கொடுத்தேன். அவர் கால் நடுங்கியது. விழுந்துவிடுவார் என்று கணுக்காலை இறுகப் பிடித்துக்கொண்டு, அவருக்காக மாதாவை வேண்டினேன். அதற்கு மேல் நான் ஒன்றும் செய்யவில்லை."

யார் கால் நடுங்கியது? என் காலா? பார்த்தாயா, பார்த்தாயா அந்தத் துரோகியின் வாயை! நடுங்கியவன் அவன்! அவன் தோள் நடுங்கியது, அதனால் என் கால் ஆடியது! இதை முப்பது வருடமாக நோட்டுக்குள் வைத்திருந்தாரா உன் அப்பா? இதை வைத்துக்கொண்டா என் வாசலில் வந்து வந்து நின்றார்?

சிரிக்கிறாயா? என்ன சொல்கிறாய்? யார் நடுங்கியது என்பதில் இரண்டு பேரும் ஒத்துப்போகவில்லை, ஆகவே அது புத்தகத்தில் வராது. ஏறியதும் தோள் கொடுத்ததும் ஒத்துப்போகிறது, அது வரும். அப்படியா?

செருப்பு? அதை அவன் சொல்லவில்லையா? ஒரு வார்த்தைகூட?

அவன் சொல்லியிருக்க வேண்டும். நடந்ததை முழுதாய்ச் சொல்லத் தெரியாதவன் என்ன சாட்சி.

பேனாவை எதற்கு என்னிடம் நீட்டுகிறாய்? அடிப்பதானால் நானே அடிக்க வேண்டுமாக்கும். ஒப்பம் போடுவதானாலும் நானே போட வேண்டுமாக்கும். உன் அப்பா பெண்ணைப் பெற்றாரா, இன்னொரு பத்திர எழுத்தரைப் பெற்றாரா?

கொடு இப்படி. நான் சொன்னதை இந்தப் பழைய நோட்டிலேயே எழுது, செருப்பையும் சேர்த்து. ஒரு சாட்சிதான் என்றால் புத்தகத்தில் வர வேண்டாம், நோட்டில் இருக்கட்டும். எழுதிவிட்டாயா? இது அவன் கையெழுத்தா? இந்தக் கோணல் எழுத்தா? ஆறு வருடம் வருகைப் பதிவேட்டில் என் பெயருக்குக் கீழே போட்ட எழுத்து. அவன் பெயருக்குக் கீழே நான் போட மாட்டேன், சங்கரவடிவு. நோட்டை என் பக்கமாகத் திருப்பு. அவன் பெயருக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது பார், அங்கே போடுகிறேன்.